மச்சாள் கொட்ட மறுத்த ஆறு பீப்பாய்கள்

மச்சாள் அந்தத் தகரக் குவளையை உடனே வாயில் வைக்கவில்லை. மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். வெளியே லண்டன் வால்தம்ஸ்டோவின் ஒக்டோபர் மழை பீர் ஆலையின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் கையில் ரப்பர் குழாயுடன், அந்த ஆறு மரப்பீப்பாய்களையும் கவிழ்த்துக் கழுவக் காத்து நின்றேன். எல்லாம் பழுதாகிவிட்டது, வடிகாலில் ஊற்றிவிடுங்கள் என்று முதலாளி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சாள் கண்களைத் திறந்தார். ஒரு மிடறு எடுத்து நாக்கில் உருட்டிவிட்டு நிலத்தில் துப்பினார். பிறகு என் கையிலிருந்த குழாயை வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் கொழுவினார்.

"இது பழுதாகேல்லை மச்சாள், புளிச்சிருக்கு. இதை ஊத்த நான் விடமாட்டன்" என்றார்.

மச்சாள் என்று நான் இங்கே எழுதுவது என் அண்ணனின் மனைவியை. எங்கள் வழக்கத்தில் அண்ணன் மனைவியும் கணவனின் தங்கையும் ஒருவரையொருவர் அப்படியே அழைப்போம். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அண்ணன், மாலை நேர ஆங்கில வகுப்பொன்றில் அவரைச் சந்தித்து, ஒரு மத்தியானம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஊரிலிருந்த அம்மாவுக்குக் கடிதத்தில்தான் செய்தி போனது. பெண்ணின் தகப்பன் தோட்டம் செய்தவர், இப்போது உயிரோடு இல்லை என்று அண்ணன் எழுதினார். போர் எல்லோரையும் திசைக்கு ஒருவராகக் கலைத்துவிட்டிருந்த காலம் அது. விசாரித்துப் பார்ப்பதற்கு அம்மாவுக்கு ஆளும் கிடைக்கவில்லை, வழியும் இருக்கவில்லை. நானும் என் கணவரும் அப்போது அதே வால்தம்ஸ்டோவில் ஒரு கவுன்சில் பிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்.

மச்சாளும் நானும் வேலை செய்த ஆலை ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் இருந்தது. எங்களையும் சேர்த்து எட்டுப் பேர்தான். பீப்பாய் கழுவுவதும் போத்தல்களுக்குக் காகிதம் ஒட்டுவதும் எங்கள் வேலை. சொந்தக்காரர்களுக்கு ஜூஸ் கொம்பனி என்று சொல்லி வைத்திருந்தோம். வீடு திரும்பும்போது எங்கள் கோட்டுகளில் அடித்த வாசனையை வைத்து அது என்ன ஜூஸ் என்று யாரும் கேட்காதது எங்கள் அதிர்ஷ்டம். முதலாளி ஐம்பது வயது தாண்டிய ஆங்கிலேயர். அதிகம் பேசமாட்டார், பிடித்த பிடியை விடவும் மாட்டார். அந்த ஆறு பீப்பாய்களில் இருந்தது, மூடப்பட்டுப்போன ஒரு பப்புக்காக அவர் காய்ச்சிய கறுத்த பீர். எடுக்க ஆளில்லாமல் ஒரு மூலையில் கிடந்து, அந்த ஆண்டுக் கோடை வெயில் முழுவதையும் அது வாங்கியிருந்தது.

அன்று மத்தியானம் முதலாளி திரும்பி வந்தபோது பீப்பாய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மச்சாள் ஒரு குவளையை நீட்டினார். முதலாளி கோபத்தோடுதான் வாங்கினார். குடித்தார். இன்னொரு முறை குடித்தார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார். அந்தக் காலத்து லண்டனில் கறுத்த பீரைப் பெரிய மரத்தொட்டிகளில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டு வைப்பார்களாம். அது தானாகப் புளிக்கும். புளித்த பழையதைப் புதியதோடு கலந்து விற்பார்கள், சனங்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்று தன் பாட்டன் சொல்லக் கேட்டிருக்கிறாராம். பெல்ஜியத்தில் இன்றைக்கும் அப்படிச் செய்கிறார்கள், செரிப்பழம்கூடப் போட்டு ஊற வைக்கிறார்கள், நானே அங்கே போய்க் குடித்திருக்கிறேன், ஆனால் என் சொந்த ஆலையில் அது வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்றார். கடைசியில் தலையை நிமிர்த்தி, இது கெட்டுப்போகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மச்சாளிடம் கேட்டார்.

மச்சாள் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அங்கே நிற்கிறேன் என்பதை மறந்து அவர் பேசவில்லை. நான் கேட்கிறேன் என்று தெரிந்துதான் பேசினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தன் அப்பா பனை ஏறிக் கள்ளிறக்கியவர் என்றார். காலையில் இறக்கிய கள்ளு இனிக்கும், பின்னேரம் புளிக்கும், விட்டுவிட்டால் வினாகிரி ஆகிவிடும். கள்ளு முட்டிகளை மணந்து பார்த்து, எதைக் கழுவுவது, எதை அடிமண்டியோடு அப்படியே திரும்பக் கட்டுவது என்று பிரித்து வைப்பது பத்து வயதிலிருந்து தன் வேலை என்றார். நல்ல புளிப்பு மூக்கைத் தொடும், கெட்டது மூக்கைக் குத்தும் என்றும் சொன்னார். முதலாளி தலையை ஆட்டினார். அவருக்கு அது ஒரு தொழில் விளக்கம், அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. நாங்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தோமோ அங்கே பனை ஏறியவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கிணற்றில் அள்ள விடவில்லை. என் பெரியப்பாமார் கள்ளைக் குடித்தார்கள், அதைக் கொண்டுவந்தவர் வேலிப் படலைக்கு வெளியே குந்தியிருந்தார். விமானத்தில் ஏறியபோது அதையும் சேர்த்துத்தான் மடித்துக் கொண்டுவந்தோம். அன்று பஸ்ஸில் மச்சாளின் பக்கத்தில் இருந்தபோது என் முழங்கை அவருடைய முழங்கையில் படாமல் சற்று விலகியிருந்தேன். அதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் கவனித்தேன்.

"கேட்டிட்டீங்கள். இனி என்ன?" என்றார் மச்சாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"அதை நான் கேக்கேல்லை. உங்கட மனசுக்கு என்ன எண்டுதான் கேட்டனான்."

நான் பஸ் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தேன்.

ஆலையில் அதற்குப் பிறகு ஒரு புதிய வேலை தொடங்கியது. புளித்த பீப்பாய்களை முற்றத்தின் மறுபக்கத்தில் இருந்த பழைய கொட்டகைக்கு உருட்டினோம். அங்கே வேலை செய்யும் புளிப்பு மற்றப் பீருக்குள் போனால் அது கெட்டுவிடும் என்பதால், அந்தக் கொட்டகைக்குத் தனி வாளி, தனிக் குழாய், தனிக் குவளை. வாளிகளில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். அந்த ஆறு பீப்பாய்களையும் முழுதாகக் கழுவக்கூடாது, அடியில் கிடப்பதுதான் அடுத்த முறைக்கு விதை என்று மச்சாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கழுவுவதற்கென்றே சம்பளம் வாங்கிய இருவர் கழுவாமல் காவல் இருந்தோம். பழைய புளிப்பில் ஒரு பங்கு, புதிதில் மூன்று பங்கு என்று கலந்து பார்த்தோம். பிறகு முதலாளிக்கு ஆசை வந்தது. பெல்ஜியக்காரர் செரி போட்டால் நாம் என்ன போடலாம் என்று கேட்டார்.

மாங்காய் போட்டுப் பார்த்தோம், ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தது போல இருந்தது. கறிவேப்பிலை என் யோசனை. அதை ருசித்த முதலாளி, மீன் எங்கே என்று கேட்டார். அவர் பகிடி விட்டது என் நினைவில் அந்த ஒரு தடவைதான். பழப்புளியைக் கரைத்து, வடித்து, இஞ்சி தட்டிப் போட்டது ஓரளவு சரியாக வந்தது. ஆனாலும் வாயில் பட்டவுடன் புளிப்பு ஓடி மறைந்துவிட்டது, அடியில் ஒன்றும் நிற்கவில்லை. மச்சாள் ஒவ்வொரு முறையும் ருசித்துத் துப்பிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துவார். என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்த இளவேனிலில் அம்மா கொழும்பு வழியாக லண்டன் வந்து சேர்ந்தார். மூன்று மாடி ஏற முடியாது என்பதால் அண்ணன் வீட்டிலேயே தங்கினார். வந்த நாளிலிருந்து மருமகளைப் புகழ்ந்தார். மருமகளின் மீன்குழம்பு, மருமகளின் இடியப்பம், மருமகள் ஆங்கிலத்தில் டொக்டரோடு கதைத்த விதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆசையாகச் சமைத்துக் கொண்டுபோன ஆட்டிறைச்சிக் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, "இவளிட்டைக் கேட்டுச் செய்திருக்கலாமே பிள்ளை" என்றார். அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அம்மா தலையில் வைத்து ஆடுகிற மருமகள் யாருடைய மகள் என்று தெரியுமோ என்றுதான் தொடங்கினேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கணவர் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாருக்கோ சொன்னார். மாதம் முடிவதற்குள் அது அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. விரதம் என்றார். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு, திங்கட்கிழமை சிவனுக்கு. பிறகு கிழமையும் முடிந்தது, கடவுள்மாரும் முடிந்தார்கள். அதற்குப் பின் ஒரு சின்னச் சட்டியும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையும் வாங்கித் தன் அறை அலுமாரிக்கு மேலே வைத்துக்கொண்டார். மருமகள் வேலைக்குப் போன பிறகு தானே சமைத்துத் தானே கழுவி மேலே ஏற்றிவிடுவார். அண்ணனுக்கு மச்சாளின் தகப்பனைப் பற்றி முதல் நாளிலிருந்தே தெரியும். அவர் அம்மாவோடு இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டு, பேசாத மனிதராகிவிட்டார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு கொட்டகையில் மச்சாள் சிவப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "இந்தப் பீர் மற்றப் பீரைப் பழுதாக்கும் எண்டு தனி வாளி வைச்சம். அதில ஒரு ஞாயம் இருக்கு. மாமி தனிச்சட்டி வைச்சிருக்கிறா. நான் எதைப் பழுதாக்குவன், மச்சாள்?"

பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொன்னது நான்தான் என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும், அந்த ஆட்டிறைச்சிக் கறியையும்கூட மறைக்காமல் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் சொன்னதை உங்களைத் தவிர வேற தமிழாக்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எப்பவோ ஒரு நாள் நானே சொல்லியிருக்க வேணும். அந்த வேலையை நீங்கள் செய்திட்டீங்கள். ஆனால் நல்ல மனசோட செய்யேல்லை. அதை நான் மறக்கமாட்டன், ஒளிச்சு வைக்கவும் மாட்டன். இப்ப இதில ஒரு கை பிடியுங்கோ" என்று பீப்பாயைக் காட்டினார். இருவருமாக உருட்டினோம்.

மறுநாள் அவர் வேலைக்கு வரும்போது தமிழ்க் கடைப் பையொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டிகளில், பனஞ்சாறு காய்ச்சி எடுத்த பனங்கட்டி. பழப்புளியோடு அதைக் கரைத்து ஊற்றி, ஆறு வாரம் பொறுத்திருக்கச் சொன்னார். ஆறு வாரத்தின் பின் முதலாளி குவளையை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். முதலில் புளிப்பு, பிறகு கருகிய இனிப்பு, கடைசியில் மரத்தின் வாசம். வாயில் நின்றது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். மச்சாள் சிரித்துவிட்டு, "முதல் நான் தயாராகேல்லை" என்று தமிழில் எனக்குச் சொன்னார்.

கிழக்கு லண்டன் மண்டபம் ஒன்றில் சின்ன ஆலைகளெல்லாம் சேர்ந்து நடத்தும் பீர் விழாவுக்கு அதைக் கொண்டுபோவது என்று முடிவானது. போத்தலில் ஒட்டுவதற்கு முதலாளி ஒரு காகிதம் தயாரித்தார். ஒரு பனைமரப் படம், அதன் கீழே இரண்டு வரிகள். யாழ்ப்பாணத்தில் கள்ளிறக்கியவரின் மகள் புளிக்க வைத்த பீர் என்பது அதன் பொருள். உனக்குச் சம்மதமென்றால் மட்டும் அச்சிடுவேன் என்று மாதிரியை அவர் மச்சாளின் கையில் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் அதைச் சாப்பாட்டு மேசையில், அம்மாவுக்கு முன்னால் விரித்தார். அண்ணனும் நானும் இருந்தோம்.

"மாமி, இதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுக் காட்டுறன். வேற ஆக்கள் வந்து சொல்ல முதல் நானே சொல்லவேணும்."

வாசித்தார், ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் சொன்னார். அம்மாவின் முகத்தில் இரத்தம் ஏறியது. "ஊர் சிரிக்கப் போகுது" என்றார். "ஊர் எப்பவோ சிரிச்சு முடிஞ்சுது மாமி. இனி நான் வேலை செய்யப் போறன்" என்றார் மச்சாள். அன்று பின்னேரமே அம்மா தன் பெட்டியோடும் அந்தச் சட்டி கோப்பையோடும் என் பிளாட்டுக்கு வந்தார். ஒவ்வொரு மாடியிலும் இளைப்பாறி இளைப்பாறி ஏறினார். மேலே வந்ததும் முதலில் சொன்னது, "நீயும் அந்த வேலையை விடு" என்பதுதான். அம்மாவின் சொல்லை நான் அதுவரை தட்டியதில்லை. "விடமாட்டன் அம்மா. விழாவிலயும் மச்சாளோட நிக்கப் போறன்" என்றேன்.

விழாவில் எங்கள் மேசை ஒரு தூணுக்கு அருகில் இருந்தது. மச்சாள் சேலை கட்டி, அதற்கு மேல் ஆலையின் ஏப்ரனைப் போட்டிருந்தார். முதல் மணித்தியாலத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வாளியில் ஊற்றிவிட்டுப் போனார். பிறகு, பழைய தொப்பி போட்ட ஒரு வயதான ஆங்கிலேயர் ஒரு கிளாஸ் குடித்தார், போய் மற்ற மேசைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார், மூன்றாவதுக்கு வரும்போது இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தார். அதன் பிறகு எங்கள் மேசைக்கு முன்னால் ஆள் குறையவில்லை.

மத்தியானத்துக்குப் பின் நாலைந்து தமிழ் ஆண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், அந்தப் பிறந்தநாள் வீட்டுக்காரர். பனைமரப் படத்தைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "லண்டனுக்கு வந்தும் கள்ளு விக்கிற வேலைதானோ" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மச்சாள் கையிலிருந்த கிளாஸைத் துடைத்து முடித்துவிட்டே நிமிர்ந்தார்.

"ஓம் அண்ணை. அப்பா மரத்தில ஏறி இறக்கினவர். நான் நிலத்தில நிண்டு காய்ச்சுறன். அவரின்ரை கள்ளை உங்கட ஆக்களும் குடிச்சிருப்பினம். உங்களுக்கு ஒரு கிளாஸ் தரட்டோ?"

யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர் வேறு பக்கம் பார்த்தார். கூட்டத்தில் இருந்த இன்னொருவர், நரைத்த மீசைக்காரர், முன்னால் வந்து கையை நீட்டினார். குடித்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மெல்லிய குரலில், "தங்கச்சி, என்ரை அப்புவும் ஏறினவர்தான். இஞ்சை ஒருத்தருக்கும் சொன்னதில்லை" என்றார். மச்சாள் இன்னொரு கிளாஸ் நிறைத்துக் கொடுத்தார். விழாவின் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் கொண்டுபோன பீர் முழுவதும் தீர்ந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பீரைக் காய்ச்சினோம். மச்சாள் மாலை வகுப்பில் இரசாயனம் படித்தார். தன் மூக்குக்குத் தெரிந்ததற்கெல்லாம் புத்தகத்தில் என்ன பெயர் என்று அறிந்துகொண்டார். முதலாளி கொட்டகைச் சாவியை அவரிடமே கொடுத்தார், அங்கே என்ன காய்ச்சுவது என்ற முடிவும் அவருடையதானது. இன்று அதே வால்தம்ஸ்டோவில், மாம்பழம், புளி, உப்பு, மிளகாய் போட்ட புளித்த பீர்களை வண்ண வண்ணத் தகர டின்களில் அடைத்துக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இளம்பிள்ளைகள் அதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்தது போலக் குடிக்கிறார்கள். நான் கோபிப்பதில்லை. வாங்கி மணந்து பார்க்கிறேன். சில மூக்கைத் தொடுகின்றன, சில குத்துகின்றன.

ஆனால் மச்சாளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது விழா நாள் அல்ல. அம்மா என்னிடம் வந்து நாலு வருடங்கள் கழித்து அவருடைய முழங்கால்கள் முற்றாக இயலாமல் போயின. எங்கள் கட்டிடத்தில் லிப்டும் இல்லை. டொக்டரிடம் கொண்டுபோவதே பெரும்பாடு. அண்ணன் வீட்டில் நிலத்தோடு ஓர் அறை இருந்தது. கேட்பதற்கு எனக்கும் வாய் வரவில்லை, அண்ணனுக்கும் வாய் வரவில்லை. ஒரு காலையில் மச்சாள் தானாகவே மூன்று மாடியும் ஏறி வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமி, என்ரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறன். அங்கை என்ரை சமையல்தான். தனிச்சட்டி இல்லை, தனிக்கோப்பை இல்லை. விரதமெண்டால் எல்லாருக்கும் விரதம். ஓமெண்டால் வாங்கோ. இல்லையெண்டால் நான் கோவிக்கமாட்டன், ஆனால் திரும்பக் கேக்கவும் மாட்டன்."

அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து, நான் போய் நிறுத்திவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அம்மா தன் கோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அண்ணன் வீட்டு மேசையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். சோறு, பருப்பு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். மச்சாள் எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அண்ணன் சாப்பிடாமல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்று விழுங்கினார்.

"உப்புக் காணாது" என்றார்.

மச்சாள் எழுந்து போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். "போட்டுக்கொள்ளுங்கோ மாமி" என்றார். பிறகு தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.